கார் நிகோபாரின் சைக்கிள் வீரர்கள்: பேரிடர் விளக்கத்துக்கு ஒரு மறுப்பு

சைக்கிள் வீராங்கனை டெபோரா ஹெரால்டைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு மரத்தில் தொடங்குகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிகோபார் தீவைத் தாக்கியபோது அவருக்கு ஒன்பது வயது. மரத்தில் தங்கி, இலையும் பட்டையும் தின்று உயிர் பிழைத்தார் என்பது செய்தி. 2015இல் அவர் 500 மீட்டர் தனிநேரப் பந்தயத்தின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தில் இருந்தார். இவ்விரண்டையும் காரண காரியமாகப் பிணைக்கும் வாசிப்பு செய்தித்தாள்களில் பிறந்து, விளையாட்டு உளவியல் பேசுவோரிடமும் வேரூன்றிவிட்டது. பேரிழப்பைத் தாங்கிய குழந்தைக்கு மன உறுதி வாய்க்கிறது, அவ்வுறுதியே பின்னாளில் பதக்கமாகிறது என்கிறார்கள். இந்த வாசிப்புக்குச் சான்று போதாது. அதைவிடப் பெரிய குறை, குழந்தையைச் சூழ்ந்திருந்த பெரியவர்களை, நல்லவரையும் அல்லாதவரையும் ஒருசேர, அது கணக்கிலிருந்து நீக்கிவிடுவது.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். மரத்தில் கழிந்த காலம் சில பதிவுகளில் ஐந்து நாள், சிலவற்றில் ஏறத்தாழ ஒரு வாரம். ஒன்பது வயதில் நேர்ந்த பேரச்சத்தின் நினைவில் இத்தகைய வேறுபாடு இயல்பே. அதைக் கொண்டு நிகழ்வை ஐயுற எனக்கு எண்ணமில்லை. என் ஐயம் பதிவுகளின் காலத்தையும் கேள்விகளையும் பற்றியது. நான் படித்தவை எல்லாம் அவர் வெற்றி பெற்ற பிறகு எழுதப்பட்டவை. வெற்றி தெரிந்தபின் பின்னோக்கிச் சென்று காரணம் தேடுபவருக்கு, கண்ணில் முதலில் படுவது மிகப் பெரிய நிகழ்வே. அந்த மரத்தில் குழந்தை என்ன தின்றாள் என்று கேட்டவர்கள், இறங்கிய பிறகு அவளுக்கு யார் சோறு போட்டார்கள், யார் பள்ளிக்கு அனுப்பினார்கள், பயிற்சிக்காகப் போர்ட் பிளேருக்குக் கப்பலேற யார் சம்மதித்தார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. ஒன்பது வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட பதினோராண்டு அப்பதிவுகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

அந்தப் பதினோராண்டில் பேரலை அழித்தவற்றை மட்டும் எண்ணினால் போதாது. கார் நிகோபாரில் குழந்தை வளர்ப்பு தாய் தந்தையோடு முடிவதில்லை. நிலம், தென்னை, பன்றி, விருந்து, துக்கம் எல்லாவற்றையும் பகிரும் துஹெத் என்ற கூட்டுக்குடும்பமே அங்கு வாழ்க்கையின் அடித்தளம். பல குடிகள் சேர்ந்த அவ்வமைப்பில் ஒரு குழந்தைக்குப் பொறுப்பேற்கும் பெரியவர்கள் பலர். பேரலைக்குப் பின் வந்த அரசின் இழப்பீடும் நிரந்தர வீடுகளும் தனிக்குடும்பத்தை அலகாகக் கொண்டதால், துஹெத்தின் பிணைப்பு தளர்ந்ததை மானிடவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே பேரிடர் ஒரு விளையாட்டு வீராங்கனையை உருவாக்கியது என்பதைவிட, அவரைத் தாங்கக்கூடிய பெரியவர்களின் வலையை அறுத்தது என்பதே ஆவணங்களுக்கு நெருக்கமான கூற்று. அறுந்த பிறகும் எஞ்சிய இழைகளே ஆராயத்தக்கவை.

எதிர்ச்சான்று அதே தீவிலேயே இருக்கிறது. 2001இல் பிறந்த ஈசோ ஆல்பன், 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிளில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வென்றார். முதலிடம் 0.017 வினாடியில் தவறியது. மறு ஆண்டு அணி விரைவோட்டத்தில் தங்கம் வென்ற இந்திய இளையோர் அணியிலும் அவர் இருந்தார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கு அவரோடு சென்ற டேவிட் பெக்காம் 2003இல் பிறந்தவர். பேரலையின்போது ஒருவருக்கு மூன்று வயது, மற்றவருக்கு ஒன்று. மரமேறிப் பிழைத்த நினைவிலிருந்து மன உறுதி பிறந்தது என்ற விளக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. கெய்ரினையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டிக்குப் பின்னால் அடக்கத்தோடு ஓட்டி, அது விலகிய பிறகு கடைசிச் சுற்றுகளில் யாருடைய பின்சக்கரத்தை ஒட்டுவது, எப்போது விடுபடுவது என்று நொடிக்குள் தீர்மானிக்கும் பந்தயம் அது. இந்தத் தீர்மானத்தைத் துயரம் கற்றுத் தராது. ஓடுதளத்தின் ஓரத்தில் நாள்தோறும் நிற்கும் ஒருவர்தான் கற்றுத் தர முடியும்.

ஒரு மறுப்பு எழலாம்: துயரத்திலிருந்து வளர்ந்ததாக வீரர்களே சொல்கிறார்களே? சொல்லலாம். தம் வாழ்க்கைக்குப் பொருள் தேடுவது அவரவர் உரிமை. அதைக் காரண விதியாக மாற்றுவது ஆய்வாளர் செய்யும் பிழை. அதே பேரலையில் பிழைத்துப் பதக்கம் எதுவும் வெல்லாத குழந்தைகள் தீவு முழுவதும் இருந்தார்கள். அவர்களைச் சேர்க்காத கணக்கை மேலும் விவாதிக்கத் தேவையில்லை.

பெரியவர்களின் பங்கைப் பேசும் கோட்பாடுகளையும் இங்கு அப்படியே இறக்கிவைக்க முடியாது. விளையாட்டு உளவியல் ஆய்வாளர் ழான் கோத்தே 1999இல் வெளியிட்ட ஆய்வு நான்கு குடும்பங்களைக் கொண்டது. குழந்தை பல விளையாட்டுகளைத் தொட்டுப் பார்க்கும் பருவத்தில் பெற்றோர் முன்நின்று நடத்துகிறார்கள், பிறகு படிப்படியாக ஆதரவாளர்களாகப் பின்னகர்கிறார்கள் என்பது அதன் சாரம். அந்தப் பின்னகர்தலுக்குப் பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும். நிகோபார்க் குழந்தை ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடல் தாண்டிப் போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து டெல்லிப் பயிற்சி முகாமுக்கும் போகும்போது, பெற்றோரின் இடம் மொத்தமாகப் பயிற்சியாளரிடம் கைமாறுகிறது. பயிற்றுவிப்பவர், காப்பாளர், அணியில் இடம் தருபவர் என்ற மூன்று பொறுப்பும் ஒரே ஆளிடம் குவிகின்றன. பயிற்சியாளரின் நடத்தை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1992இல் அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலில் பார்னெட், ஸ்மோல், ஸ்மித் செய்த ஆய்வு சான்று: ஊக்கமூட்டும் முறையில் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் மறு ஆண்டு விலகியவர் 5 விழுக்காடு, மற்றவர்களிடம் 26 விழுக்காடு. மாலையில் வீடு திரும்பும் சிறுவர்களிடம் கிடைத்த முடிவு இது. வீடே முகாமாகிவிட்ட குழந்தையிடம் விளைவு இதைவிடக் கடுமையாக இருக்கும் என்றே கருதுகிறேன்.

மரக்கதையின் ஆபத்து இங்கேதான் வெளிப்படுகிறது. கடலையே தாங்கியவள் எதையும் தாங்குவாள் என்று நம்பும் முகாமில், கடுமைக்கு எல்லை வைக்க யாருக்கும் தோன்றாது. 2022 ஜூனில் ஸ்லொவேனியப் பயணத்தின்போது தேசிய அணியின் வீராங்கனை ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் மீது புகார் அளித்தார்; பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை இந்திய விளையாட்டு ஆணையம் முடித்துக்கொண்டது. அதையடுத்து டெபோராவும் தாம் முகாமில் அடிக்கப்பட்டதாகவும் அணியிலிருந்து விலக்கப்பட்டதாகவும் பத்திரிகையிடம் கூறினார். அது குற்றச்சாட்டு, தீர்ப்பன்று. அவர் சொல்லும் காலத்தில் அவர் சிறுமியாக இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆயினும் பேரலையில் பிழைத்த கதையை விரித்து எழுதிய அளவுக்கு இந்தக் கூற்றை விளையாட்டு உளவியல் எடுத்து ஆராயாதது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. முன்னதில் பொறுப்பேற்க மனிதர் எவரும் இல்லை. பின்னதில் இருக்கிறார்கள்.

அப்புகாருக்குப் பின், வீராங்கனைகள் செல்லும் அணியில் பெண் பயிற்சியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், முகாம்களில் விதிகளைக் கண்காணிக்கும் அலுவலர் வேண்டும் என்றும் ஆணையம் பணித்தது. நல்ல தொடக்கம். ஆனால் அந்த அலுவலரும் முகாமைச் சேர்ந்தவரே. தீவிலிருந்து வரும் குழந்தைக்கு முகாமுக்கு வெளியே, அதன் தேர்விலும் ஊதியத்திலும் பங்கில்லாத ஒரு பெரியவர் வேண்டும். துஹெத் தன் சார்பில் ஒருவரை நியமிக்கட்டும். அவர் வந்து பார்க்கும் கப்பல், ரயில் செலவைப் பயிற்சிச் செலவோடு சேர்த்து அரசே ஏற்கட்டும். ஆய்வாளர்களும் இனி அந்தப் பெரியவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்.