கல்லோடு இறங்கியவர்கள்: மன்னார்ப் பாரும் நீரோட்டமும்

கற்பிட்டிக்கு அப்பால் கடலுக்குள் இருக்கிற முருகைக்கற் பாறைகளில் நான் முதன்முதலாகச் சுழியோடப் போன அன்று, பயிற்சியாளர் கடைசியாகச் சொன்னது “நீந்தாதே” என்பதுதான். நீந்தப் பழகவே இரண்டு வருசம் எடுத்த ஒருத்தனுக்கு இதைவிட விசர்க்கதை இருக்கேலாது என்று நினைத்தேன். கீழே போனதும் விளங்கியது. நான் அசையாமல் கிடக்க, பாறை எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஜன்னலுக்குள்ளால் வயல் ஓடுவது மாதிரி. பிடிச்ச மீனைப் பார்க்கத் திரும்பினால் அது பின்னுக்குப் போய்விடும். திரும்பிப் போகவும் ஏலாது.

வழமையான சுழியோடலில் வள்ளம் நங்கூரம் போட்டு நிற்கும். இறங்கிய இடத்துக்கே நீங்கள் திரும்ப வேண்டும். இதில் நங்கூரம் இல்லை. நீரோட்டம் கொண்டுபோகிற பக்கம் போவீர்கள், மேலே ஒரு மிதவை உங்களைக் காட்டிக்கொடுக்கும், வள்ளம் அதைப் பின்தொடரும். ஓட்டத்தைப் பிழையாகக் கணித்தால் ஏறும்போது வள்ளமும் இருக்காது, கரையும் தெரியாது. அதனால் இந்த விளையாட்டில் உண்மையான ஆள் தண்ணிக்குள் இருப்பவர் அல்ல, மேலே இருக்கிற வள்ளக்காரர்தான்.

எங்கள் வள்ளக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நாங்கள் சிலிண்டரைப் பூட்டிக்கொண்டிருக்க, அவர் கொஞ்சம் தேங்காய்த் தும்பைப் பிய்த்துத் தண்ணியில் போட்டுப் பார்த்தார். “இண்டைக்குப் பாரில தெற்க இழுக்குது தம்பி. அந்த முனைக்குக் கிட்டத்தான் எழும்புவீங்க” என்றார். மற்ற எல்லாரும் ‘ரீஃப்’ என்று கதைத்துக்கொண்டிருந்த வள்ளத்தில் அவர் மட்டும்தான் ‘பார்’ என்று சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் போனதுதான் இந்தக் கட்டுரை.

பார் என்றால் கடலடியில் மணலுக்கு நடுவே கிடக்கிற கல்லுத் திட்டு. சில இடத்தில் முருகைக்கல், சில இடத்தில் மணலே இறுகிக் கல்லானது. மன்னார்க் கடலில் முத்துச்சிப்பி ஒட்டி வளர்ந்தது இந்தப் பார்களில்தான். பிரித்தானியக் காலத்து ஆங்கில அறிக்கைகளைத் திறந்தால் இந்தச் சொல் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே கிடக்கும்: பெரிய பார், செவல் பார், மோதரகம் பார். வெள்ளைக்காரருக்கு அந்தக் கடலடியின் வரைபடத்தைக் கொடுத்தவர்கள் ஆர் என்பதற்கு இந்தப் பெயர்களே போதும். ஆனால் அதே அறிக்கைகளில் பார்களுக்குப் பெயர் இருக்கிறது, சுழியோடிகளுக்குப் பெயர் இல்லை. எண்ணிக்கை மட்டும்தான்.

எண்ணிக்கை சின்னதும் இல்லை. 1905-ஆம் ஆண்டு முத்துக்குளிப்புக்கு 300-க்கு மேற்பட்ட வள்ளங்களும் 5,000-க்குக் கிட்டிய சுழியோடிகளும் வந்தார்கள். அள்ளியது 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பி. கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் ஆட்களோடு பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகளும் வந்தார்கள். மரிச்சுக்கட்டி மணல்வெளியில் சில கிழமைக்குள் ஒரு நகரம் எழும்பி, பிறகு காணாமல் போகும். சிலாபத்துறைப் பக்கம் போனவர்கள் அரிப்பில் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிற அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கவென்று கட்டுவித்த மாளிகை அது. சனம் அதை அல்லிராணி கோட்டை என்று சொல்லும். (அல்லிராணிக்கே அதைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.)

குளிப்பு நடப்பது மாசி, பங்குனி, சித்திரையில். இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் கடல் அடங்கிக் கிடக்கிற காலம். நடுச்சாமத்துக்குப் பிறகு கரைக்காற்றில் வள்ளங்கள் வெளிக்கிடும். விடிந்ததும் பாரில் இறங்குவார்கள். மத்தியானம் கடற்காற்று திரும்பும்போது அதைப் பிடித்துக் கரைக்கு வருவார்கள். போகவும் வரவும் காற்றே வேலை செய்தது. கீழேதான் மனிசன் வேலை செய்தான். சுழியோடி காலை ஒரு கல்லில் கொழுவிக்கொண்டு ஐந்து பாகம், எட்டுப் பாகம் என்று இறங்குவான். கல்லை மேலே இருப்பவர் உடனே இழுத்தெடுப்பார். கூடையை நிரப்ப ஒரு நிமிசம், கூடினால் அதற்குக் கொஞ்சம் மேல். பிறகு கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவர் தூக்க வேண்டும். அந்தக் கயிறு பிடிப்பவரை ஆங்கில ஏடுகள் ‘மண்டக்’ என்று எழுதுகின்றன. சுழியோடியின் உயிர் அவர் கையில். ஒரு நாளில் இப்படி நாற்பது, ஐம்பது தடவை. அள்ளியதில் மூன்றில் ஒரு பங்கு வள்ளத்துக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு.

கவனித்துப் பாருங்கள்: கல், கயிறு, நங்கூரம். கெதியாக இறங்கவும் ஏறவும் மட்டுமல்ல, நீரோட்டம் ஆளைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காகவும்தான். நான் காசு கொடுத்து அனுபவித்த அதே இழுவை, ஒரு மூச்சில் இறங்கியவனுக்குச் சாவு. பாரை விட்டு நாலு முழம் விலகினால் கூடை வெறுமை, இறங்கிய மூச்சும் வீண்.

சுறாவுக்குப் பயந்து மந்திரம் போட ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். கடல்கட்டி வராவிட்டால் சுழியோடி இறங்கமாட்டான் என்பது கச்சேரிக்குத் தெரியும். வருமானம் என்று வந்தால் பேரரசும் மந்திரத்தை நம்பும். 1906-இல் மரிச்சுக்கட்டிக்கு உத்தியோகத்தராக அனுப்பப்பட்ட லெனார்ட் வூல்ஃப், ஒரு அரபிச் சுழியோடி இறந்துபோனதையும் அவனுடைய ஆட்கள் அழுததையும் பிறகு தன் சுயசரிதையில் எழுதினார். அந்த அரபிக்கும் அங்கே பெயர் இல்லை என்றாலும், எண்ணிக்கைக்குள் இருந்து ஒரு ஆள் வெளியே வந்து நிற்கிறார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1891-க்குப் பிறகு பதினொரு வருசம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. சிப்பி இல்லை. என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க, 1902-இல் ஹெர்ட்மன் என்ற பேராசிரியரை அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டது. உதவிக்கு ஹோர்னெல். அவர்கள் பெரிய பாரைப் பார்த்தார்கள். கரையிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தள்ளி, 11 மைல் நீளத்துக்குக் கிடக்கிற பார் அது. மார்ச் மாதம் பார்த்தபோது குஞ்சுச் சிப்பி எண்ணிலடங்காமல் மூடிக் கிடந்தது. தென்மேல் பருவக்காற்று முடிந்து வருசக் கடைசியில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. கடல் வழித்துக்கொண்டு போயிருந்தது. பழைய பதிவுகளைப் புரட்டினால், 1880-க்குப் பிறகு குறைந்தது பதினொரு தடவை அந்தப் பாரில் இப்படிக் குஞ்சு விழுந்திருக்கிறது, ஒரு தடவைகூடக் குளிக்கிற அளவுக்கு வளரவில்லை.

உள்ளூர்ச் சுழியோடிகள் அந்தப் பாரைத் தாய்ப் பார் என்ற பொருளில் சொல்லிவந்ததையும் ஹெர்ட்மன் எழுதிவைத்தார். அவர்களுடைய எண்ணம் இது: பெரிய பாரில் வந்து மறைகிற குஞ்சுகள் சாகவில்லை, கரைப்பக்கத்துப் பார்களுக்குப் போய்ச் சேருகின்றன, மற்றப் பார்கள் நிரம்புவது இந்தத் தாயால். அறிக்கையில் இது சுதேசிகளின் நம்பிக்கை என்ற அளவில்தான் வருகிறது. கல்லில் ஒட்டிய குஞ்சு அலையில் பிய்ந்துபோனால் பெரும்பாலும் செத்துப்போகும், அதில் விஞ்ஞானிகள் சரி. ஆனால் ஒட்டுவதற்கு முந்திய கட்டம் ஒன்று இருக்கிறது. முத்துச்சிப்பியின் இளம் உயிரி கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டு மூன்று கிழமை தண்ணியில் மிதந்து திரியும். ஓட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் அதற்கு வீடு. ஒரு பார் இன்னொரு பாருக்கு விதை கொடுக்கிறது என்பது இன்றைக்கு முருகைக்கல் ஆராய்ச்சியில் சாதாரணப் பேச்சு. பெரிய பார் எந்தப் பாருக்குத் தாய் என்பது வேறு கதை. நீரோட்டத்தை வைத்துக் கடலடியை ஒரு குடும்பமாக யோசிக்கிற மூளை, ஒரு மூச்சில் இறங்கி ஏறிய ஆட்களிடம் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இதில் ஒரு பகிடியும் இருக்கு. ஹெர்ட்மன் தந்த முக்கியமான யோசனை, பெரிய பாரின் குஞ்சுகளை அள்ளிக்கொண்டுபோய்ப் பாதுகாப்பான பார்களில் போடுங்கள் என்பது. கடல் தானே செய்கிறது என்று சுழியோடிகள் சொன்ன வேலையைக் கப்பல் வைத்துச் செய்வது! 1906-இல் ஒரு லண்டன் கம்பனி 20 வருசக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி வரவில்லை, கம்பனி மூடுப்பட்டது. 1925-இல் அரசாங்கம் ஒரு குளிப்பு நடத்தியது. பிறகு சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

இலங்கையில் சுழியோடல் வரலாறு என்று தேடினால் பெரும்பாலும் 1950-களில்தான் கதை தொடங்கும். ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன், நம்முடைய ரொட்னி ஜொங்க்லாஸ். திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டது 1956. தெற்கே, கிரிந்தைக்கு அப்பால் நீரோட்டத்துக்குப் பேர்போன மகா இராவணன் கோட்டைப் பாறைகளில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்களோடு உடைந்த கப்பலைக் கண்டது 1961. நல்ல கதைகள்தான், கிளார்க்கின் எழுத்தும் சுவையானது. முதுகில் காற்றைச் சுமக்கிற கருவி வந்ததால் கயிறும் கல்லும் தேவையில்லாமல் போயின. நீரோட்டத்தோடு போவது பயமாக இல்லாமல் விளையாட்டானது அதற்குப் பிறகுதான். அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதே கருவி இன்னொரு வழியாலும் நம்முடைய கடலுக்கு வந்தது. அதை எழுத ஒருவரும் இல்லை.

வள்ளத்தில் திரும்பி வரும்போது அந்த நானாவிடம் கதை கேட்டேன். அவருடைய ஊர் எருக்கலம்பிட்டி. வாப்பா சங்கு குளித்தவர், மூச்சைப் பிடித்து. 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவுச் சனம் வள்ளங்களில் வந்து இறங்கியது கற்பிட்டியில். அவர்களில் இவருடைய குடும்பமும் ஒன்று. இங்கே வந்தபிறகு இவர் சிலிண்டரோடு கடலட்டைக்குப் போனார். நாங்கள் செய்த மாதிரியேதான்: நங்கூரம் இல்லை, ஓட்டத்தோடு போவது, வள்ளம் பின்னால் வரும். வித்தியாசம், நாங்கள் ஒரு தடவை இறங்கி ஏறினோம். அவர்கள் ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர், ஐந்து சிலிண்டர். ஆழத்தில் இரத்தத்தில் கரைகிற நைதரசன், கெதியாக ஏறினால் குமிழியாகி நரம்பை அடிக்கும் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பும் இருக்கவில்லை. மன்னார், யாழ்ப்பாணக் கரைகளில் சங்குக்கும் அட்டைக்கும் போய் இடுப்புக்குக் கீழ் விளங்காமல் போன ஆட்கள் இருக்கிறார்கள். நானாவின் இடது கால் நிலத்தில் இழுபடுவதை அப்போதுதான் கவனித்தேன்.

“தாய்ப் பார் எண்டு கேள்விப்பட்டிருக்கிறீங்களா நானா?”

“பெரிய பார் தெரியும். வாப்பா சொல்லுவார். தாய் எண்டு சொன்னதா ஞாபகமில்ல.”

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நூறு வருசத்துக்கு முந்திய அறிக்கையில் இருக்கிற சொல் அவர் வாயில் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் எங்கள் மிதவையைச் சுருட்டி வைத்துவிட்டு என் கையைக் காட்டினார். ஆழத்தையும் நேரத்தையும் காட்டி, எவ்வளவு மெதுவாக ஏறவேண்டும் என்று எச்சரிக்கிற மணிக்கூடு. வாடகைக்கு எடுத்தது.

“இது என்ன விலை தம்பி?”

சொன்னேன். அவர் திரும்பவும் ஒருக்கா அதைப் பார்த்துவிட்டு, எஞ்சினை இழுத்தார்.