அனுப்பினார்களா, அவரே போனாரா?

2023ஆம் ஆண்டு மே 9ஆம் தேதி. மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயரும் நேரம். பிரான்சில் இருக்கும் என் தம்பி மகன் வாட்சப்பில் கூப்பிட்டான்.

“பெரியப்பா, ஓலாஸை அனுப்பிட்டாங்க. சேதி பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். முதல் நாள் மாலை லியோன் நகரத்து ஒலிம்பிக் லியோனே கால்பந்துக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. கொம்யூனிக்கே என்று பிரெஞ்சில் சொல்வார்கள். தலைவர் ழான்-மிஷேல் ஓலாஸ் பொறுப்பிலிருந்து விலகுகிறார், இனி அவர் கௌரவத் தலைவர் என்று அதில் இருந்தது. கசப்பான சொல் ஒன்றுகூட இல்லை. வந்தவர் போகிறவருக்கு நன்றி சொல்லியிருந்தார்.

“அனுப்பினதா எங்கடா இருக்கு? விலகறார்னுதான போட்டிருக்கு?” என்றேன்.

“அப்படித்தான் போடுவாங்க பெரியப்பா. ஆயுசு பூரா ஃபைல் பாத்தவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும்தான். முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற வார்த்தையை எத்தனை கோப்பில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் பாதி நிஜம். மீதிப் பாதியில் விருப்பம் யாருடையது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், காகிதத்துக்கு மட்டும் தெரியாது. ஒரு கண்காணிப்பாளர் ஒரே வருடத்தில் மூன்று முறை மாற்றப்பட்டு, நான்காவது முறை உத்தரவு வருவதற்கு முன்பே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘உடல்நிலை’ என்று போட்டிருந்தார். நான்தான் அதை நகல் எடுத்தேன். அவர் உடல்நிலைக்கு அன்று ஒரு குறையும் இல்லை.

ஓலாஸ் விஷயத்தையும் ஒரு கோப்பு மாதிரி எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்று அன்றே தோன்றியது. ஆனால் கோப்பு முடிய இரண்டு வருடம் ஆனது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்று சொல்ல வேண்டும். ஓலாஸ் 1949 மார்ச்சில் பிறந்தவர், ஏறக்குறைய என் வயதுக்காரர். கணினி மென்பொருள் தொழிலில் காசு பார்த்தவர். 1987 ஜூனில் அவர் ஒலிம்பிக் லியோனேயை ஏற்றபோது அது இரண்டாம் பிரிவில் கிடந்த குழு. எங்கள் இளமையில் அந்தப் பக்கத்துக் கால்பந்து என்றால் பக்கத்து ஊரான சேந்த்-எத்தியேன்தான். பச்சைச் சட்டைக்காரர்கள். 1976இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் கிளாஸ்கோவில் பயர்னிடம் 1-0 என்று தோற்றதை எங்களோடு படித்தவர்களில் பலர் இன்றும் சொல்லி வருந்துவார்கள். லியோனைப் பற்றி யாரும் பேசியதில்லை.

ஓலாஸ் வந்ததும் நான்கு வருடத்தில் ஐரோப்பியப் போட்டிக்குப் போவோம் என்றார். சிரித்தார்கள். பயிற்சியாளராக ரெமோன் தொமெனெக்கை அமர்த்தினார். 1989இல் முதல் பிரிவு, 1991இல் ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. சொன்ன நாலு வருடம், நாலு வருடத்தில் நடந்தது. 2002 மே 4ஆம் தேதி, பருவத்தின் கடைசி நாளில், ஒரு புள்ளி முன்னால் இருந்த லான்ஸ் குழுவைச் சொந்த மைதானத்தில் 3-1 என்று வென்று முதன்முறையாக பிரான்சின் சாம்பியன் ஆனார்கள். அதோடு நிற்கவில்லை. 2008 வரை தொடர்ந்து 7 வருடம் பட்டம் அவர்களுடையதுதான். அந்த ஏழு வருடத்தில் நான்கு பயிற்சியாளர்கள் மாறினார்கள். தலைவர் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. பெண்கள் கால்பந்தை யாரும் மதிக்காத 2004இல் உள்ளூர்ப் பெண்கள் அணி ஒன்றைத் தன் குழுவோடு சேர்த்துக்கொண்டார். அந்த அணி 2022க்குள் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தை 8 முறை வென்றது. ஆண்கள் அணி ஒரு முறைகூட வென்றதில்லை.

இப்படிப்பட்டவர் ஏறத்தாழ 36 வருடம் இருந்த நாற்காலியை விட்டு எழுந்தார். தானாகவா?

விருப்பம் நிஜமா என்று பார்க்கக் கோப்பில் நான்கு இடங்களைப் பார்ப்பது என் வழக்கம். சொன்ன காலக்கெடு என்ன, போன தேதி என்ன. அதிகாரம் யார் கையில் இருந்தது. அந்த நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தது யார். போனவர் பிறகு என்ன செய்தார்.

காலக்கெடுவை முதலில் பார்ப்போம். குழுவில் பங்கு வைத்திருந்த பத்தே என்ற பிரெஞ்சு சினிமா நிறுவனமும் ஒரு சீன முதலீட்டு நிறுவனமும் 2022இல் தங்கள் பங்கை விற்க முடிவு செய்தன. வாங்க வந்தவர் ஜான் டெக்ஸ்டர் என்ற அமெரிக்கர். பிரேசிலில் பொத்தாஃபோகோ, பெல்ஜியத்தில் மோலன்பேக் ஆகிய குழுக்கள் அவரிடம் இருந்தன, இங்கிலாந்தில் கிரிஸ்டல் பேலசில் பங்கும் இருந்தது. ஜூனில் பேசியது, தள்ளித் தள்ளி, டிசம்பர் 19ஆம் தேதிதான் முடிந்தது. ஓலாசும் தன் பங்கில் பெரும்பகுதியை விற்றார். ஆனால் இன்னும் மூன்று வருடம் அவரே தலைவராக இருந்து நடத்துவார் என்பது ஏற்பாடு. மூன்று வருடம் என்றால் 2025 டிசம்பர். அவர் போனது 2023 மே. ஐந்து மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மூன்று வருடம் இருக்கிறேன் என்று டிசம்பரில் சொன்னவருக்கு மே மாதத்தில் ஓய்வின் மேல் திடீரென்று ஆசை வந்தது என்றால், எங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள்.

இரண்டாவது, அதிகாரம். 2007 பிப்ரவரியில் ஓலாஸ் குழுவைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு போனார். பிரான்சில் எந்தக் கால்பந்துக் குழுவும் அதற்குமுன் செய்யாதது. அன்று ஒரு பங்கு 24 யூரோ. அந்தக் காசும் அதற்குமேல் பெரும் கடனும் சேர்த்து தெசீன் என்ற இடத்தில் சுமார் 59,000 பேர் உட்காரும் சொந்த மைதானம் கட்டினார். 2016 ஜனவரியில் திறந்தார்கள். பிறகு 2020இல் கொரோனா வந்து ஆட்டம் நின்றது, டிக்கெட் காசு போனது. அந்த வருடக் கடைசியிலேயே தொலைக்காட்சி உரிமையை வாங்கிய மீடியாப்ரோ பணம் கட்டாமல் விலகியது. டெக்ஸ்டர் வாங்கும்போது ஒரு பங்கின் விலை 3 யூரோ. 24 எங்கே, 3 எங்கே. மைதானத்திலும் சரிவுதான். 2022இல் 8ஆவது இடம், 2023இல் 7ஆவது. இரண்டு வருடமும் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. ஆக, பெரும்பான்மைப் பங்கு அவர் கையில் இல்லை, வெற்றியும் கையில் இல்லை.

மூன்றாவது, அடுத்து உட்கார்ந்தது யார். விருப்பத்தோடு போகிறவர் தனக்குப்பின் ஓர் ஆளைத் தயார் செய்துவிட்டுப் போவார். இங்கே ஓலாஸ் போன நாற்காலியில் இடைக்காலமாக உட்கார்ந்தவர் டெக்ஸ்டரேதான். அவர் போன அடுத்த வாரமே, மே 16ஆம் தேதி, அவர் வளர்த்த பெண்கள் அணியின் பெரும்பான்மைப் பங்கு மிஷெல் காங் என்ற அமெரிக்கப் பெண்மணிக்குப் போகும் என்று அறிவித்தார்கள்.

நான்காவதுதான் முக்கியம். போன பிறகு என்ன நடந்தது? 2023 ஜூலையில், பிரெஞ்சுக் குழுக்களின் கணக்கைத் தணிக்கை செய்யும் அமைப்பு லியோனின் சம்பளச் செலவுக்கும் ஆட்டக்காரர் வாங்குவதற்கும் கட்டுப்பாடு போட்டது. டெக்ஸ்டர் பழைய நிர்வாகத்தின் கணக்கைக் குறை சொன்னார். ஓலாஸ் அவதூறு வழக்குப் போட்டார். தன்னிடம் மிச்சமிருந்த பங்கை வாங்கிக்கொள்வதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அவருடைய குடும்ப நிறுவனம் நீதிமன்றம் போனது. ஆகஸ்டில் குழுவின் கணக்கில் 1 கோடியே 45 லட்சம் யூரோவை முடக்கி வைத்தார்கள். தான் 36 வருடம் வளர்த்த குழுவின் காசை, அதன் கௌரவத் தலைவரே முடக்குகிறார். சுமுகமாகப் பிரிந்தவர்கள் மூன்று மாதத்தில் கோர்ட்டில் நிற்பார்களா?

நாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. தம்பி மகன் சொன்னதுதான் சரி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் குமாஸ்தா மறுபக்கத்தையும் குறிப்பில் எழுத வேண்டும்.

டெக்ஸ்டர் திருட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. காசு கொடுத்து வாங்கினார். கடனும் அவர் தலையில்தான் விழுந்தது. வீட்டை வாங்கியவனுக்கு அடுப்பங்கரையை மாற்ற உரிமை உண்டு. விற்றபோது ஓலாசுக்கு 73 வயது, பத்திரம் படிக்கத் தெரியாதவர் இல்லை. பேரம் பேசுவதில் பிரெஞ்சுக் கால்பந்தில் அவரை மிஞ்சியவர் கிடையாது என்பார்கள். அவர் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. விற்றதும் அவர், கையெழுத்துப் போட்டதும் அவர்.

இங்கேதான் எனக்கு நம் ஊர் நினைவு வருகிறது. நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறோம். “நீங்க இருக்கறவரைக்கும் இது உங்க வீடுதாம்பா” என்று பிள்ளை சொல்லும். சொல்லும்போது அது பொய்யும் இல்லை. ஆனால் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டால், இரண்டு வருடம் கழித்து மாடி அறைக்குப் போகச் சொல்லும்போது எதைக் காட்டுவது? மாடிக்கு நாமே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவோம். ஊர் கேட்டால் “மேலே காத்து நல்லா வருது” என்போம். அதுவும் ஒரு கொம்யூனிக்கேதான்.

ஓலாஸ் போனது மே 8ஆம் தேதி இல்லை என்பது என் முடிவு. அவர் போனது 2022 டிசம்பர் 19ஆம் தேதி. அன்று போட்ட கையெழுத்து அவருடைய சொந்த விருப்பம். மே 8 என்ற தேதி அவருடைய விருப்பம் இல்லை. அந்த அறிக்கை முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பழைய விருப்பத்தைப் புதிய தேதியில் எழுதிக் காட்டினார்கள்.

அந்த மே 8க்கு முதல் நாள் நடந்ததை எண்ணிப் பார்க்கிறேன். லியோன் சொந்த மைதானத்தில் மோன்பெலியேவோடு ஆடியது. 4-1 என்று பின்தங்கிக் கிடந்தது. அங்கேயே வளர்ந்த லாக்கசெத் நான்கு கோல் போட்டு, கூடுதல் நேரத்து பெனால்டியில், 5-4 என்று ஜெயித்தார்கள். தலைவராக ஓலாஸ் பார்த்த கடைசி ஆட்டம் அது.

கோப்பு அதோடு மூடவில்லை. ஓலாசுக்கும் டெக்ஸ்டருக்கும் சமரசம் ஆனது. புதிதாகக் கட்டிய உள்ளரங்கை ஓலாசின் குடும்ப நிறுவனமே 2024இல் வாங்கிக்கொண்டது. பிறகு 2025 ஜூன் 24ஆம் தேதி, கணக்குச் சரியில்லை என்று அதே தணிக்கை அமைப்பு லியோனை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. 1987இல் ஓலாஸ் எடுத்த இடத்துக்கே. ஒரு வாரத்துக்குள் டெக்ஸ்டர் தலைமைப் பதவியை விட்டு விலகினார். அவர் இடத்தில் மிஷெல் காங் வந்தார். ஜூலை 9ஆம் தேதி மேல்முறையீட்டில் குழு தப்பியது.

அன்றும் தம்பி மகன் கூப்பிட்டான்.

“பெரியப்பா, டெக்ஸ்டர் ராஜினாமா பண்ணிட்டாராம்.”

“அவரேவா?” என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அலமாரியைத் திறந்து, என் வீட்டுப் பத்திரத்தை எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். நீங்களும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.