எச்டி44780 காட்சிப் பலகையும் கறுப்புக் கட்டங்களும்

எச்டி44780 என்பது ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் உருவாக்கிய, எல்சிடி திரையில் எழுத்துகளைக் காட்டும் கட்டுப்பாட்டுச் சில்லு ஆகும். ஒளிநகலி, தொலைநகலி, அச்சுப்பொறி போன்றவற்றில் இது பயன்பட்டது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென ஆர்டுயினோ பலகை உருவானபின், பொழுதுபோக்காகச் செய்யப்படும் விளையாட்டுக் கருவிகளிலும் இடம்பெற்றது.

பரவலாகக் கிடைக்கும் பலகையில் 2 வரிகள், வரிக்கு 16 எழுத்துகள். நாமே வரையும் உருவங்கள் ஒரு நேரத்தில் 8 மட்டுமே. ஓடும் மனிதன், தடைக்கல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும் மேல்வரியில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் தோன்றினால், பலகையே பழுது என்று கருதி அதை ஒதுக்கிவிடுவது உண்டு. உண்மையில் அது, மின்சாரம் வந்துவிட்டது, தொடக்கக் கட்டளைகள் வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம். இந்நிலையில் தரவுக் கம்பிகள், பற்றவைப்பு, நிரலில் உள்ள முனை எண்கள் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

திரையில் எதுவுமே தெரியாவிட்டால், முதலில் 3ஆம் முனையோடு இணைந்த மாறு மின்தடையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எழுத்தின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுவே.

எழுத்துகள் குழம்பித் தெரிவதற்குத் தளர்ந்த கம்பியும் காரணமாகலாம். 4 தரவுக் கம்பிகளில் இயங்கும்போது ஒவ்வோர் எழுத்தும் இரு பாதிகளாக வரும். ஒரு பாதி தவறினால், பின்வருவன அனைத்தும் இடம் மாறிவிடும்.

பழைய பலகையை எறியுமுன் இம்மூன்றையும் பார்ப்பது நல்லது.