ஆவாரம்பட்டையும் சாட்டைவாரும்: ஏலமலைப் பாதையின் எழுதப்படாத தோல் வரலாறு

போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாகச் சாந்தன்பாறைக்குச் செல்லும் பாதை ஏலக்காயின் வரலாறாகவும் தமிழ்த் தொழிலாளர் குடிபெயர்வின் வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. அம்மலைகளின் சுமையை இழுத்த மாடுகள் அவ்வரலாற்றில் ஓரிரு வரிகளில் கடந்துபோகின்றன. மாட்டை ஓட்டியவன் கைச் சாட்டைக்கு அந்த ஓரிரு வரிகளும் இல்லை.

மாட்டின் பங்கோ சிறிதன்று. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் அமைக்கப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் பெட்டிகளை இழுத்தவை எருதுகளே. 1908-இல்தான் அது இரட்டைத் தண்டவாளமாகி நீராவி எஞ்சினைக் கண்டது. 1924 வெள்ளம் அதையும் அழித்தது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928-இல். அதுவரை மலையடிவாரத்திலிருந்து சரக்கு சமவெளி கடந்தது பெரும்பாலும் மாட்டுவண்டியில்.

அவ்வண்டிக்காரரின் சாட்டைக்கான தோல், மலையில் அன்று, சமவெளியில் பதப்பட்டது. தமிழ் மாவட்டங்களில் தோல்வேலை சக்கிலியர் எனப்பட்ட, இன்று அருந்ததியர் என அறியப்படும் மக்களின் கைத்தொழில். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்துவர், கடுக்காயும் சேரும். ஆவாரையின் துவர்ப்பு தோலுக்கு வெளிர் நிறமும் வளையும் தன்மையும் தரும். இம்மக்கள் ஆவாரையைப் பெரிதும் போற்றினர் என்றும், திருமணத்துக்கு முன்னோடியாகத் தாலியை அதன் கிளையில் கட்டினர் என்றும் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் பதிந்துள்ளார். விநோத வழக்கமாகவே அவர் அதைக் காண்கிறார். தம் தொழிலின் வேதியியல் எந்தச் செடியில் இருக்கிறது என்பதை நன்கறிந்த ஒரு சமூகத்தின் மரியாதையாகவும் அதைப் படிக்கலாம்.

சாட்டையின் ஆயுள் பின்னலில் தொடங்குவதில்லை. தோலின் எந்தப் பகுதி வாராக அறுக்கப்படுகிறது என்பதில் தொடங்குகிறது. முதுகுத் தோலின் நார்கள் நெருக்கமானவை. வயிற்றுத் தோல் தளர்ந்தது. இழுத்தால் நீண்டுகொடுக்கும், பின்னல் நெகிழும். நீண்ட வார் வேண்டுமெனில் வட்டத் துண்டைச் சுருள்சுருளாக அறுக்க வேண்டும். ஒட்டின்றி ஒரே வார் கிடைக்கும். அடி பருத்து நுனி சிறுக்க வேண்டுமாதலால், வாரின் அகலமும் சீராகக் குறைந்துவர வேண்டும். அளவுகோல் இல்லாமல் கத்தியும் விரலும் செய்யும் வேலை இது. சாட்டை சொடுக்கும் ஓசை தோல் மோதுவதால் எழுவதன்று. நுனி ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரை, மீறுவதால் எழுவது. ஆகவே முதலில் தேய்வது நுனிதான். அதைத் தனி முடிச்சாக, மாற்றத்தக்கதாக அமைத்துவிட்டால் உடல் பல ஆண்டு நிற்கும்.

மலை மழை வேறு சோதனை. ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்கும். நனைந்ததை அடுப்பருகே உலர்த்தினால் விறைத்து வெடிக்கும். எண்ணெயும் நிழலும்தான் அதற்குக் காவல். ஆக, நீடித்த உழைப்பு என்பது செய்தவன் திறம் மட்டுமன்று, வைத்திருப்பவன் பழக்கமும்கூட.

இதே தோல், இதே கைகள், கிணற்றுக் கவலையின் தோல் வாலையும் செய்தன. கவலை பாசனம் சார்ந்தது, பாசனம் வரி சார்ந்தது. எனவே அரசு அதைக் கவனித்தது. சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903 முதல் குரோம் முறையில் தோல் பதப்படுத்திப் பார்த்தபோது, நீரில் நெடுநாள் உழைக்கும் கவலைத்தோல் அதன் முக்கியப் பயன்களில் ஒன்றாயிற்று. சாட்டைக்கு அத்தகைய பரிசோதனை தேவைப்படவில்லை. இதற்கிடையே திண்டுக்கல் போன்ற ஊர்களில் தோல் ஏற்றுமதிப் பண்டமாகிவிட்டது. இறந்த மாட்டின் தோல் மரபுரிமையாகக் கிடைத்துவந்த கிராமத் தொழிலாளிக்கு அது விலைகொடுத்து வாங்கும் பொருளாயிற்று. கைத்திறன் மங்கியதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவோர் இந்த விலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

சாட்டை ஆவணங்களில் இடம்பெறுவது வேறொரு வாசலால். பிரித்தானிய இந்தியாவின் 1864-ஆம் ஆண்டுக் கசையடிச் சட்டத்துக்குப் பதிலாக 1909-இல் வந்த கசையடிச் சட்டம் 1955 வரை நீடித்தது. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாயிருந்தன. அவற்றை நிறுத்த 1944-இல் மன்னார்குடி ஒப்பந்தம் வரை போராட வேண்டியிருந்தது. ‘சவுக்கு’ என்ற சொல்லே பாரசீகச் ‘சாபுக்’கிலிருந்து வந்தது, அதே சொல் மலாய் வழியாகத் தென்னாப்பிரிக்காவில் ‘சாம்போக்’ ஆயிற்று. 1860 முதல் நேட்டாலுக்குச் சென்ற தமிழ் ஒப்பந்தக் கூலிகள் உறவுச்சொல் என்றறியாமலே அதைச் சந்தித்திருப்பர்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சாட்டை செய்தவரும் சாட்டையடி பட்டவரும் ஒருவரே என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பண்ணைகளில் அடிபட்டோர் பெரும்பாலும் பள்ளரும் பறையரும். எனினும் இரு சாராரும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அடித்தவன் பெயரும் சில வேளை அடிபட்டவன் பெயரும் வழக்குத் தாள்களில் எஞ்சியுள்ளன. வாரை அறுத்தவன் பெயரை எவரும் கேட்டதில்லை.

மின்மோட்டார் கவலையை ஓய்வுக்கு அனுப்பியது. லாரி வண்டிமாட்டை அனுப்பியது. முள் பதித்த தார்க்குச்சிகளை 1965-ஆம் ஆண்டின் இழுவை விலங்கு விதிகள் தடுத்தன. இன்று மாட்டுச் சந்தைகளில் கயிறும் சலங்கையும் விற்கும் கடைகளில் சாட்டைகள் தொங்குகின்றன. அவற்றுள் பல நைலானால் ஆனவை.