முன்னறிவிப்பில் இடம்பெறாத சொல்

"பகலில் வெயில் கடுமையாக இருக்கும். மாலையில் பலத்த இடியுடன் மழை பெய்யக்கூடும்." அமெரிக்காவின் நடுப்பகுதி ஊர்களில் கோடைக்காலத்தில் தினமும் கேட்கும் அறிவிப்பு இது. சாதாரணமாகத் தோன்றும் இந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அங்கு பெரிய இடிமேகங்களிலிருந்து சில சமயம் தரைவரை இறங்கிச் சுழலும் காற்றுக்கு டொர்னாடோ என்று பெயர். வீடுகளை அடியோடு பெயர்த்துவிடும். ஜான் ஃபின்லி என்ற ராணுவ வானிலையாளர் 1884-இல் டொர்னாடோக்களை முன்கூட்டியே கணிக்கும் சோதனையைத் தொடங்கினார். ஆனால் மேலதிகாரிகளுக்கு ஒரு பயம். டொர்னாடோ என்று சொன்னாலே மக்கள் பீதியடைவார்கள், காற்றை விடப் பீதியே அதிகக் கேடு செய்யும் என்று கருதினார்கள். அதனால் 1880-களிலேயே அந்தச் சொல்லை முன்னறிவிப்புகளில் பயன்படுத்தத் தடை வந்தது.

1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாநிலங்களைக் கடந்து சென்ற ஒரே டொர்னாடோ 695 பேரைக் கொன்றது. அன்றைய முன்னறிவிப்பில் டொர்னாடோ என்ற சொல்லே இல்லை.

ஐந்து நாள் இடைவெளி

திருப்பம் ஒரு விமானப்படைத் தளத்தில் வந்தது. 1948 மார்ச் 20 இரவு, ஓக்லஹோமா மாநிலத்தின் டிங்கர் தளத்தை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு டொர்னாடோ தாக்கியது. பல விமானங்கள் நொறுங்கின. இதைக் கணிக்க முடியுமா என்று ஆராயும்படி எர்னஸ்ட் ஃபாபுஷ், ராபர்ட் மில்லர் என்ற இரண்டு அதிகாரிகளுக்கு உத்தரவு வந்தது. இருவரும் பழைய வானிலை வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு, டொர்னாடோ வந்த நாட்களில் பொதுவாக என்ன இருந்தது என்று தேடினார்கள்.

மார்ச் 25 காலை வரைபடம் ஐந்து நாட்களுக்கு முந்தையதைப் போலவே இருந்தது. ஒரே இடத்தை ஐந்து நாட்களுக்குள் இரண்டாவது டொர்னாடோ தாக்குவது மிக மிக அபூர்வம். தவறினால் கேலிக்கு ஆளாக வேண்டும். இருந்தும் துணிந்து எச்சரிக்கை கொடுத்தார்கள். விமானங்கள் கூடாரங்களுக்குள் கொண்டுபோகப்பட்டன, ஆட்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அன்று மாலையே டொர்னாடோ அதே தளத்தைத் தாக்கியது! சேதம் முந்தையதை விடக் குறைவாக இருந்தது.

ராணுவத்தால் முடிந்தது மக்களுக்கு ஏன் முடியாது என்ற கேள்வி எழுந்தது. 1950-இல் தடை நீங்கியது. 1952-இல் பொதுமக்களுக்கான டொர்னாடோ முன்னறிவிப்பு தொடங்கியது.

வெயிலின் கதை வேறு

வெப்பத்தைப் பற்றிச் சொல்ல எந்தத் தடையும் இருந்ததில்லை. 1995 ஜூலையில் சிகாகோ நகருக்குக் கடும் வெப்பம் வரப்போவதாக முன்னறிவிப்பு சரியாகவே சொன்னது. ஜூலை 13 அன்று வெப்பநிலை 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. காற்றில் ஈரப்பதமும் அதிகம். சில நாட்களில் வழக்கத்தை விடக் கூடுதலாக 739 பேர் இறந்தார்கள்.

இறந்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். குளிர்சாதனம் இல்லாத வீடுகள், திருட்டுப் பயத்தால் மூடிய ஜன்னல்கள், வந்து பார்க்க ஆளில்லாத நிலை. அறிவிப்பு அவர்கள் காதில் விழுந்திருந்தாலும் அவர்களால் என்ன செய்திருக்க முடியும்?

1999-இல் மீண்டும் கடும் வெப்பம் வந்தபோது நகர நிர்வாகம் விழித்துக்கொண்டிருந்தது. முதியவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள், வீடு வீடாக ஆட்களை அனுப்பினார்கள், குளிர்ச்சியான பொது இடங்களைத் திறந்தார்கள். இறப்பு எண்ணிக்கை 1995-ஐ விட மிகவும் குறைந்தது.

டிங்கரில் முன்னறிவிப்பு பலித்தது மட்டும் விமானங்களைக் காப்பாற்றவில்லை. அதைக் கேட்டதும் அவற்றை உள்ளே தள்ளிக்கொண்டுபோக ஆட்கள் இருந்தார்கள். 1995-இன் சிகாகோவில் இல்லாமல் போனது அந்த ஆட்கள்தான்.