குச்சிக்கிழங்கைக் காப்பாற்றிய குளவி



2021-இல் ஆத்தூர்ப் பக்கம் என் மைத்துனரின் குச்சிக்கிழங்குக் காட்டைப் பார்த்தேன். கொழுந்தெல்லாம் சுருண்டு முடிச்சாகிக் கிடந்தது. இலையடியில் வெள்ளை மாவுப்பூச்சி. மூன்று தடவை மருந்தடித்தும் அடங்கவில்லை. கடைசியில் இரண்டு ஏக்கரையும் உழுதுவிட்டார். மனசு கேட்காமல் அந்தப் பூச்சியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அதன் தாய்மண் தென் அமெரிக்கா. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதிக்கு வந்து சேர்ந்தது. அங்கே கோடிக்கணக்கான ஏழைகளுக்கு மரவள்ளிதான் சோறு. பூச்சி வந்தது, அதைக் கட்டுப்படுத்தும் எதிரி கூட வரவில்லை. நாடு நாடாகப் பரவியது.

1979-இல் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர், நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் சேர்ந்தார். பூச்சி பிறந்த மண்ணில்தான் அதன் எதிரியும் இருக்கும் என்பது அவர் கணக்கு. தென் அமெரிக்காவின் வடபகுதியில் தேடினார்கள். கிடைத்ததோ அச்சு அசலாக அதைப் போலவே இருந்த வேறொரு இனம்! அந்த இனத்துக்கு ஹெரன் பெயரையே சூட்டிவிட்டார்கள். தேடல் நிற்கவில்லை. 1981-இல் பராகுவே நாட்டில் அந்தோணி பெல்லோட்டி என்ற ஆய்வாளர் சரியான பூச்சியைக் கண்டார். எறும்பைவிடச் சிறிய 'அனகைரஸ் லோபேசி' என்ற குளவியும் அங்கிருந்தே கிடைத்தது.

இக்குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்றுவிடும். இங்கிலாந்தில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு, அதே ஆண்டு நைஜீரியாவில் விட்டார்கள். பின்னாளில் விமானத்திலிருந்தும் தூவினார்கள். உழவர்களுக்கு ஒரு காசு செலவில்லை. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

2020-இல் அதே பூச்சி கேரளத்தில் தென்பட்டு, நம் பக்கமும் வந்தது. பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், ஹெரன் பணியாற்றிய அதே நிறுவனத்தின் பெனின் நாட்டு மையத்திலிருந்து அக்குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில் நம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது.

மைத்துனர் மறுபடியும் குச்சி நட்டிருக்கிறார். போன வாரம் நாலைந்து செடியில் மாவு தெரிந்ததும் அவர் மகன் மருந்து டப்பாவைத் தூக்கினான். "பொறு மாப்பிள்ளே, முதலில் இலையைத் திருப்பிப் பார்" என்றேன். மாவுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் விறைத்துப்போன பூச்சிகள் இருந்தன. குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். டப்பாவைக் கீழே வைத்துவிட்டான்.

காடு வைத்திருக்கும் பிள்ளைகளே, நீங்களும் அடிப்பதற்கு முன் ஒருமுறை இலையைத் திருப்பிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்