பருவமழை பொய்த்த ஆண்டுகளும் அதன் காரணம் தேடிய கணக்குகளும்

இந்தியா ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தென்மேற்குப் பருவமழையே தருகிறது. அது ஆண்டுக்கு ஆண்டு கூடியும் குறைந்தும் பெய்வது ஏன் என்னும் கேள்வி, தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என இன்றும் நினைவுகூரப்படும் 1876–78ஆம் ஆண்டுகளின் பேரழிவில் சென்னை மாகாணத்திலும் தக்காணத்திலும் பல இலட்சம் மக்கள் மாண்ட பிறகு ஆட்சியாளர்களை மேலும் உறுத்தியது. மழை பொய்த்தது இயற்கையின் செயல். ஊரெங்கும் பட்டினி கிடக்கையில் தானிய ஏற்றுமதியைத் தொடரவிட்டது ஆட்சியின் குற்றம்.

1875இல் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்து கோடை வரை உருகாமல் கிடந்தால் நிலம் போதிய அளவு சூடேறாது என்றும், கடற்காற்றை உள்ளிழுக்கும் தாழ்வழுத்தம் அதனால் வலுக்குன்றும் என்றும் கருதி, 1886 முதல் ஆண்டுதோறும் முன்னறிவிப்பு வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899இல் நல்ல மழையை எதிர்பார்த்து அறிவித்தார். அவ்வாண்டு கொடும் வறட்சியே வந்தது.

1904இல் பொறுப்பேற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், காரணத்தை ஊகிப்பதை விட்டுவிட்டு, உலகின் பல நிலையங்களில் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் வரிசைகளை இரண்டிரண்டாக எடுத்து, அவை சேர்ந்து ஏறி இறங்கும் அளவைக் குறிக்கும் ஒட்டுறவுக் கெழுவை எழுத்தர்களைக் கொண்டு கையாலேயே கணக்கிடச் செய்தார். பசிபிக் பெருங்கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்வதும், பின்னர் நிலைமை தலைகீழாவதும் தராசுத் தட்டுகளைப் போல நிகழ்வதை அந்தக் கணக்குகளில் கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். அந்த அலைவு கடலோடு பிணைந்தது என்பதை 1960களில் வானிலை அறிஞர் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கினார். கிழக்குப் பசிபிக் வழக்கத்தை மீறிச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில், காற்று மேலெழும் பகுதி கிழக்கே நகர்ந்துவிடுகிறது. இந்தியாவின் மேல் காற்று கீழிறங்கி, மேகம் திரள்வதைத் தடுக்கிறது.

ஆயினும், நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று நிகழ்ந்த 1997இல் பருவமழை சராசரியை விடச் சற்றுக் கூடுதலாகவே பெய்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் சுமத்திரையை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்தும் இருக்கும் இருமுனை நிலை அவ்வாண்டு மழைக்குத் துணை நின்றது என்ற விளக்கம், 1999இல் அந்நிலை இனங்காணப்பட்ட பின்னரே பிறந்தது. 2002இல் எல் நினோ நடுத்தர வலிமையோடுதான் இருந்தது; ஆனாலும் ஜூலை மழையில் ஏறத்தாழ பாதி பெய்யாமல் போக, பருவம் முழுவதற்கும் 19 விழுக்காடு குறைவு ஏற்பட்டது. 1988 முதல் பதினாறு காரணிகளைக் கொண்டு இயங்கிய முன்னறிவிப்பு மாதிரி அவ்வாண்டு இயல்பான மழையையே அறிவித்திருந்தது. அடுத்த ஆண்டே வானிலைத் துறை அதைக் கைவிட்டது.